எட்டு வருஷமாய் உடையாத போனஸ்

ராஜ்கோட்டில் மதியம் ஒரு மணிக்கு மேல் எமனே வந்தாலும் நான்கு மணி வரைக்கும் வாசலில் காத்திருக்க வேண்டியதுதான். கடை ஷட்டர்கள் இறங்கிவிடும், போன்கள் அணைந்துவிடும், உண்ட மயக்கத்தில் ஊரே குறட்டை விடும். எங்கள் ஊர் தெருநாய்கூட அந்த நேரத்தில் குரைக்காது என்று சூரத்துக்காரர்கள் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும். தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு சம்பாதித்து அவர்கள் என்னத்தைக் கண்டார்கள்?

ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை எமன் காத்திருக்கவில்லை. ஹரேஷ் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். பனியன் தொப்பலாக நனைந்திருந்தது. மின்விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் படுத்திருந்த தக்ஷா கண் விழித்துப் பார்த்தபோது கணவனின் முகம் சாம்பல் பூசியது போல வெளுத்துக் கிடந்தது.

"காலைல தின்ன கடலமாவு காட்டியாதான். வாயு. ஒரு சோடா குடிச்சா சரியாப் போயிடும்" என்றார் ஹரேஷ்.

"சோடாவும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். கெளம்புங்க ஆஸ்பத்திரிக்கு."

"போனா அட்மிட் பண்ணிடுவான்."

"பண்ணட்டும்."

"பண்ணிட்டா போனஸ் என்னாகும்?"

இப்படி ஒரு கேள்வியை, இப்படி ஒரு நேரத்தில், ஒரு மனிதன் கேட்பானா என்றால் ஹரேஷ் கேட்பார். பேடக் ரோட்டில் கவரிங் நகைப் பட்டறை வைத்திருக்கும் மனிதர். கையில் வந்த காசைவிடக் கையைவிட்டுப் போகாத காசுதான் லாபம் என்று நம்புகிறவர். எட்டு வருஷத்துக்கு முன்னால் குடும்பம் முழுவதற்கும் சேர்த்து ஐந்து லட்சத்துக்கு மருத்துவ இன்சூரன்ஸ் எடுத்தார். ஒரு வருஷம் முழுக்கக் கம்பெனியிடம் ஒரு செலவும் கேட்காமல் இருந்தால் மறு வருஷம் அதே பிரீமியத்துக்கு ஆறு லட்சம் வரைக்கும் தருவார்கள். அதற்கும் அடுத்த வருஷம் ஏழு. இப்படி ஏறி ஏறிப் பத்து லட்சத்தில் நிற்கும். கேட்காமல் இருந்ததற்குக் கம்பெனி தரும் சன்மானம், அதுதான் போனஸ். மூன்று வருஷமாக அது பத்து லட்சத்தில் நின்றுகொண்டிருந்தது.

ஹரேஷை அல்பம் என்று சொல்லிவிடவும் முடியாது. அவருடைய அண்ணன் தினேஷுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. ஒரே வருஷத்தில் ஜவுளிக்கடை போயிற்று, மேல்மாடி போயிற்று, கடைசியில் தினேஷும் போனார். பார்த்துக்கொண்டு நின்ற தம்பியின் நெஞ்சில் அன்றைக்குக் குடியேறிய பயம், பிறகு காலி செய்யவே இல்லை. தீபாவளியன்று வியாபாரிகள் கணக்குப் புத்தகத்துக்குப் பூஜை போடும்போது, ஹரேஷ் அதன் பக்கத்தில் பாலிசியையும் வைத்துக் குங்குமம் இடுவார். அணையா விளக்குக்கு நெய் ஊற்றுகிற பக்தியோடு போனஸைக் காப்பாற்றினார்.

ஏஜென்ட் ரசிக்பாய் ஒவ்வொரு வருஷமும் பேடா டப்பாவோடு வருவார். "ஒடம்புக்கு ஒண்ணும் வராமப் பாத்துக்கோங்க ஹரேஷ்பாய். அப்படியே வந்தாலும் கம்பெனி காதுல விழாமப் பாத்துக்கோங்க" என்று சொல்லித் தொப்பை குலுங்கச் சிரிப்பார். அவருக்கு அது வாடிக்கையான வேடிக்கை. ஹரேஷுக்கு வேதவாக்கு. எல்லா ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரும் கம்பெனிக்குக் காதுதான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். உடம்புக்கு வந்தது என்று ஒரு டாக்டரிடம் சொன்னாலே போனஸ் உடைந்துவிடும், அதுவரை ஏறினதெல்லாம் மோசடி என்று பாலிசியையே கிழித்துவிடுவார்கள் என்று அவரும் நம்பினார், தக்ஷாவையும் நம்ப வைத்தார். மகளுக்கு டெங்கு வந்தபோது கம்பெனிக்குச் சொல்லவில்லை. தக்ஷாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. எடுத்துவிட வேண்டும் என்று லேடி டாக்டர் சொல்லி நாலு வருஷம் ஆகிறது. "போனஸ் முழுசா ஏறட்டும்" என்றார் ஹரேஷ். ஏறியது. "முழுசா ஏறினத யாராவது ஒடைப்பாங்களா?" என்றார். மாதத்தில் பத்து நாள் ரத்தம் போய், சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பது தக்ஷாவுக்குப் பழகிப்போயிற்று.

தக்ஷா கதவைத் தட்டியதும் எதிர்வீட்டு பானுபென் தூக்கத்திலிருந்து எழுந்து, தலைகூட வாராமல் காரை எடுத்தாள். தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தன. மூடிய ஷட்டர்கள்மேல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பட்டப்பகலில் ஊரே செத்துக் கிடப்பது போலிருந்தது தக்ஷாவுக்கு. எத்தனையோ வருஷமாகப் பார்த்த மதியம்தான், அன்றைக்கு அதைப் பார்க்கவே பயமாக இருந்தது.

பின் இருக்கையில் அவள் மடியில் தலை வைத்திருந்த ஹரேஷ் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். விரல்கள் ஜில்லென்று இருந்தன.

"தக்ஷா. ஜூனாகட் பத்தி வாயத் தொறக்காத."

"இப்ப அதா முக்கியம்?"

"ஆஸ்பத்திரிச் செலவுல நீ தெருவுக்கு வராமக் காப்பாத்தறது அந்தப் பத்து லட்சம்தான். எம்மேல ஆணையா சொல்லு."

அவள் ஆணையிட்டுக் கொடுத்தாள். வேறு என்ன செய்வாள்?

ஆஸ்பத்திரியில் தூக்கம் இல்லை, அதுவரைக்கும் புண்ணியம். இரண்டு பேர் ஓடி வந்து ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். நிராலி என்ற இளம் டாக்டர் நெஞ்சில் ஒயர்களை ஒட்டினாள், காகிதத்தில் வந்த கோடுகளைப் பார்த்தாள், அவள் நடை வேகமாயிற்று.

"மாரடைப்புதான் தக்ஷாபென். ரத்தக் கொழாய் எங்க அடைச்சிருக்குன்னு உடனே பாத்துத் தொறக்கணும். சீக்கிரம் பதில் சொல்லுங்க. சுகர் இருக்கா?"

"இல்ல."

"முன்னாடி எப்பவாவது ஆஸ்பத்திரில இருந்திருக்காரா?"

"இல்ல."

"ஆபரேஷன், கல்லு, வேற எதாச்சும்?"

"ஒண்ணும் இல்ல. அவருக்குத் தலவலிகூட வந்ததில்ல."

"எந்த மருந்தாவது ஒத்துக்காமப் போயிருக்கா? யோசிச்சுச் சொல்லுங்க."

"இல்ல டாக்டர். எதுவுமே இல்ல."

யோசித்துச் சொல்ல அவளுக்கு என்ன இருக்கிறது? வருஷக் கணக்கில் பழக்கிய நாக்கு. கேள்வி முடியும் முன்பே 'இல்லை' வந்து விழுந்தது. நன்றாகச் சொன்னோம் என்று ஒரு கணம் அவளுக்குத் திருப்திகூட இருந்தது. அந்தத் திருப்தியை நினைத்துப் பிற்பாடு பல நாள் அவளுக்கு உடம்பு கூசியது.

கையெழுத்து வாங்கும்போது டாக்டர் நிராலி சொன்னாள்: "பயப்படாதீங்க. மணிக்கட்டு வழியா ஒரு கம்பி விடுவோம். டைன்னு ஒரு சாய மருந்து ஏத்தினா அடைப்பு ஸ்க்ரீன்ல தெரிஞ்சிடும். சீனியர் டாக்டர் ரெடியா இருக்காரு, பத்து நிமிஷத்துல ஆரம்பிச்சிடுவோம்."

டை. அந்த ஒற்றைச் சொல்லில் தக்ஷாவின் கை பேனாவோடு நின்றது. பிறகு தானாகவே கையெழுத்துப் போட்டு முடித்தது.

ஜூனாகட்டில் நடந்தது இதுதான். ஆறு வருஷத்துக்கு முன்னால் உறவில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்திருந்தபோது ஹரேஷுக்கு இடுப்பில் கல் வலி. பக்கத்தில் இருந்த சின்ன ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று டை ஊசி போட்டார்கள். போட்ட ஊசியை எடுப்பதற்குள் உதடு தடித்தது, கண் மூடிக்கொண்டது, மூச்சு விசில் போலக் கேட்டது, பிறகு அதுவும் கேட்கவில்லை. நாடி விழுந்துவிட்டது என்று யாரோ கத்தியது இன்னும் அவள் காதில் இருக்கிறது. மூன்று நாள் கழித்துத்தான் மனிதர் பேசினார். அங்கிருந்த டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "இந்த டை இவருக்கு வெஷம்மா. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், பேரு கேக்கறதுக்கு முன்னாடி இதச் சொல்லணும். சொன்னா அதுக்குத் தக்கன மருந்து குடுத்துட்டுச் செய்வாங்க. சொல்லலைன்னா அடுத்த தடவ நானும் இருக்க மாட்டேன், இவரும் இருக்க மாட்டாரு."

திரும்பி வரும் வழியில் பாதர் ஆற்றுப் பாலத்தில் ஹரேஷ் காரை நிறுத்தச் சொன்னார். ஆஸ்பத்திரி கொடுத்த காகிதம் அத்தனையையும் சுக்குநூறாகக் கிழித்து ஆற்றில் போட்டார். "நாம ஜூனாகட்டுக்கு வந்தோம், கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டோம், திரும்பினோம்" என்றார். சொல்லிச் சொல்லி அவர்களுக்கே அதுதான் நடந்ததாக ஆகிவிட்டது. பொய்க்குக் கால் இல்லை என்பார்கள். இந்தப் பொய் ஆறு வருஷம் நடந்து ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்துவிட்டது.

ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடியது. சொல்ல வேண்டும். சொன்னால்? ஆணை இருக்கிறது. ஆணைகூடப் போகட்டும். போன வருஷம்தான் பட்டறையை அடகு வைத்துப் புது மெஷின் வாங்கினார்கள். கம்பெனி கைவிரித்தால் தினேஷ் வீட்டில் நடந்தது இங்கேயும் நடக்கும். அவர் பிழைத்து எழுந்து, 'எட்டு வருஷத்த ஒரு நிமிஷத்துல ஒடைச்சிட்டியே' என்று கேட்டால்? பிழைத்து எழுந்தால்தானே கேட்பார்.

ரசிக்பாயைக் கேட்டுவிடலாம் என்று தோன்றியது. டாக்டரிடம் சொன்னால் போனஸ் போகுமா, போகாதா, ஒரு வார்த்தை. எண்ணை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஓய்ந்தது. மறுபடி அழுத்தினாள். அவருடைய மனைவி மஞ்சுளாபென் எடுத்தாள், பாதித் தூக்கத்தில்.

"அவரு இப்பதான் படுத்தாரு."

"கொஞ்சம் எழுப்புங்களேன். அவசரம்."

"எழுப்பினா சாயங்காலம் முழுக்க எம்மேல எரிஞ்சு விழுவாரு. நாலு மணிக்குப் பண்ணுங்க தக்ஷாபென். பிரீமியம் வெஷயமா?"

தக்ஷா வாயைத் திறந்தாள். 'அவர் செத்துக்கொண்டிருக்கிறார்' என்று சொல்ல வந்தாள். ஆனால் ரசிக்பாய் யார்? கம்பெனி ஆள். கம்பெனியின் முதல் காது அந்த வீட்டில்தானே இருக்கிறது?

"ஆமா. பிரீமியம்தான்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

பானுபென் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "ஏன்டி இப்படிப் பயப்படற? சரியாயிடும்."

"நான் ஒரு பொய் சொல்லிட்டேன் பானுபென்."

"யாருகிட்ட?"

தக்ஷா எழுந்து கதவருகே போனாள். கதவில் வட்டமாக ஒரு கண்ணாடி இருந்தது. அதன் வழியாகப் பார்த்தாள். பச்சைத் துணிக்கு நடுவில் ஹரேஷின் முகம் மட்டும் தெரிந்தது. ஒரு நர்ஸ் அவர் வலது மணிக்கட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தட்டில் ஊசிகள் வரிசையாக இருந்தன. எதில் விஷம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஹரேஷ் தலையைத் திருப்பினார். கண்ணாடியில் அவளைப் பார்த்தார். சிரிக்க முயன்றார். பிறகு இடது கையின் ஆள்காட்டி விரலை மெதுவாகத் தூக்கி உதட்டின்மேல் வைத்துக்காட்டினார். சொல்லவில்லைதானே, சமர்த்து, என்று அதற்கு அர்த்தம்.

அதைப் பார்த்த பிறகு அவளால் நிற்க முடியவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"டை போடாதீங்க. ஜூனாகட்ல அதப் போட்டு அவரு செத்துப் பொழைச்சாரு. மூஞ்சி வீங்கிடிச்சு, மூச்சு நின்னுடிச்சு. போடாதீங்க டாக்டர், கால்ல விழறேன்."

எல்லோரும் அப்படியே நின்றார்கள். ஊசியைக் கையில் எடுத்திருந்த சீனியர் டாக்டர் அதைத் தட்டிலேயே திரும்ப வைத்தார். நிராலியின் முகம் சிவந்துவிட்டது.

"ஒரு தடவைக்கு ரெண்டு தடவ கேட்டேனே. எதுவுமே இல்லன்னு சொன்னீங்க?"

"போனஸ் போயிடும்னு."

"என்ன போனஸ்?"

"சும்மா இரு தக்ஷா" என்றார் ஹரேஷ், படுக்கையில் இருந்தே. குரல் ஈனமாக வந்தது, ஆனால் அதில் கோபம் இருந்தது. அந்தக் கோபத்தை இருபத்தாறு வருஷமாக அவளுக்குத் தெரியும். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கேட்டதற்கெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். பிறகு வெளியே அனுப்பிவிட்டார்கள்.

சற்றுக் கழித்து நிராலி வந்தாள். "அலர்ஜிக்கு முன்னாடியே மருந்து ஏத்தியிருக்கோம். வேற வகை டை போடறோம், கொஞ்சமாத்தான். இதயம் காத்திருக்காது, அதனால செஞ்சுதான் ஆகணும். மறுபடி வந்தாலும் சமாளிக்க ஆள் தயாரா நிக்குது. ஆனா வராதுன்னு சத்தியம் பண்ண முடியாது, தக்ஷாபென்."

அதற்குப் பிறகு இருந்த நேரத்தை நேரம் என்று சொல்லக்கூடாது. உள்ளே ஏதாவது ஒரு மெஷின் கத்தினால் அவள் எழுந்து நிற்பாள். கத்தல் நின்றால் இன்னும் அதிகமாகப் பயந்தாள். யாரோ ஓடும் காலடி கேட்டது, யாரோ ஏதோ கேட்டு வாங்கினார்கள். பானுபென் கிருஷ்ணன் பெயரை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். தக்ஷாவுக்குக் கிருஷ்ணனின் பெயர்கூட நினைவுக்கு வரவில்லை. 'மருந்து ஒத்துக்காமப் போயிருக்கா, யோசிச்சுச் சொல்லுங்க' என்ற குரலும், 'இல்ல டாக்டர்' என்ற தன் குரலும் திரும்பத் திரும்பக் கேட்டன. எவ்வளவு சுலபமாகச் சொன்னாள்.

கையில் இருந்த போன் அடித்தபோது தூக்கிவாரிப்போட்டது. ரசிக்பாய். தூங்கி எழுந்து முகம் கழுவிய தெளிவோடு டீயை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஊர் எழுந்துவிட்டது.

"சொல்லுங்க தக்ஷாபென். பிரீமியத்துக்கு இன்னும் நாள் இருக்கே."

"ஹரேஷுக்கு மாரடைப்பு."

டீ சத்தம் நின்றது. "ஐயோ. எந்த ஆஸ்பத்திரி? நான் இப்பவே வரேன். ஒண்ணும் கவலப்படாதீங்க, கம்பெனி கட்டிடும்."

"ஜூனாகட்ல ஒரு தடவ ஆஸ்பத்திரில இருந்தாரு. டாக்டர்கிட்டச் சொல்லிட்டேன். போனஸ் போயிடுச்சா?"

"அதுக்கு கிளெய்ம் போட்டீங்களா?"

"இல்ல. எங்க காசுதான்."

"பாலிசி எடுக்கறதுக்கு முன்னாடியா?"

"எடுத்து ரெண்டாவது வருஷம்."

"அப்ப எப்படிப் போகும்? கம்பெனிகிட்டப் பணம் கேட்டாத்தான் போனஸ் எறங்கும். நோய் வந்தா எறங்காது, டாக்டர்கிட்டச் சொன்னா எறங்காது. நூறு தடவ படுத்தாலும் சொந்தக் காசுன்னா போனஸ் அப்படியேதான் நிக்கும். இப்ப இந்த ஆபரேஷனுக்குக் கேப்பீங்க இல்ல, அதுக்குக்கூட மொத்தமும் போகாது. அடுத்த வருஷம் ஒரு படி எறங்கும், பத்து ஒம்பதாகும். அதுக்கப்பறம் கேக்காம இருந்தா மறுபடி ஏறும். உங்களுக்கு யாரு இப்படிச் சொன்னது?"

"நீங்கதான் ரசிக்பாய். கம்பெனி காதுல விழக்கூடாதுன்னு."

"அது... தமாஷுக்குச் சொன்னது தக்ஷாபென்" என்றார் ரசிக்பாய், குரல் இறங்கி.

தக்ஷாவுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அந்த மனிதரைத் திட்டக்கூடத் தோன்றவில்லை. ஒன்றைக் கேட்டாள்: "இந்த வருஷமே இன்னொரு கிளெய்ம் போட்டா?"

"ஒண்ணு போட்டாலும் ரெண்டு போட்டாலும் வருஷத்துக்கு ஒரே ஒரு படிதான். ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்" என்று போனை அணைத்தாள்.

இருட்டுவதற்கு முன்பே ஹரேஷைப் பார்க்க விட்டார்கள். கழுத்திலும் மார்பிலும் சிவப்பாகத் தடித்திருந்தது. கண் இமைகள் லேசாக வீங்கியிருந்தன. அந்த அளவோடு விட்டது. முன்கூட்டி மருந்து ஏற்றாமல் போட்டிருந்தால் என்று நிராலி ஆரம்பித்தாள். தக்ஷாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வாக்கியத்தை முடிக்கவில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று பானுபென் சொன்னாள்.

ஹரேஷ் கண்ணைத் திறந்தார். முதலில் கூரையைப் பார்த்தார், பிறகு அவளை.

"சொல்லிட்டியே."

"சொல்லிட்டேன்."

"எட்டு வருஷம், தக்ஷா."

அவள் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ரசிக்பாய் சொன்னதைச் சொன்னாள். ஜூனாகட்டைப் பற்றி ஊருக்கே தண்டோரா போட்டிருந்தாலும் போனஸ் உடைந்திருக்காது என்றாள். மகளின் டெங்குவும் உடைத்திருக்காது. ஒளித்து வைத்ததற்காக ஒருத்தரும் ஒரு பைசா போனஸ் தரவில்லை என்றாள்.

ஹரேஷ் மறுபடி கூரையைப் பார்த்தார்.

"அப்ப ஆத்துல போட்ட பேப்பரெல்லாம்?"

"சும்மா போட்டோம்."

அந்த விரலை, உதட்டில் வைத்துக்காட்டிய இடது ஆள்காட்டி விரலை, தக்ஷா பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் இப்போது நாடி பார்க்கும் கிளிப் மாட்டியிருந்தது.

"அப்ப இப்ப ஒரு படிதான் எறங்குமா?" என்றார். வியாபாரி அல்லவா, உயிர் வந்ததும் கணக்கும் வந்துவிட்டது.

"ஒரு படிதான். இந்த வருஷம் இன்னொரு கிளெய்ம் போட்டாலும் அதே ஒரு படிதான்."

"இன்னொண்ணா?" ஹரேஷ் புருவத்தைச் சுருக்கினார். நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. "யாருக்கு?"

மதியத்திலிருந்து அவளை ஆட்டிவைத்த பயம் அந்த ஒரு சொல்லில் அப்படியே நின்றுவிட்டது. நாலு வருஷமாக அவள் அந்தக் கட்டியோடு படுத்த அதே கட்டிலில் படுத்தவர்.

"எனக்கு" என்றாள் தக்ஷா. வார்டின் அந்தக் கோடியில் மருந்து எடுத்துக்கொண்டிருந்த நர்ஸ் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னாள்.